வாடிக்கையாளரை அறிதல்

திரையில் ஐம்பத்தேழு என்று வந்தது. ஜெர்மேன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, ஸ்வெட்டர் நுனியில் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். ஐம்பத்தேழுதான். தேறுவதற்கு அறுபது வேண்டும். மூன்று மணி நேரம், நூறு கேள்விகள். மூன்றே மூன்று கேள்விக்கு வேறு பொத்தானை அழுத்தியிருந்தால் போதும். யார்மவுத் தேர்வு மையத்தில் அன்று அவளோடு எழுதியவர்கள் இரண்டு பேர், இருவருமே அவள் மகனைவிடச் சின்னவர்கள். ஒருவன் பாதி நேரத்திலேயே எழுந்து போயிருந்தான். வாசலில் இருந்த பெண் பூட்டிவைத்த கைப்பையை எடுத்துக் கொடுத்தாளே தவிர, எப்படி எழுதினீர்கள் என்று கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தே தெரிந்திருக்கும். ஜெர்மேன் காரில் ஏறி உட்கார்ந்து, கொண்டுவந்திருந்த கோழி சாண்ட்விச்சை முழுவதும் தின்று முடித்தாள். பசியே இல்லை. மிச்சம் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனால் கணவன் ரேயால் ஏன் என்று கேட்பான்.

இருபத்திரண்டு வருடமாக அவள் வங்கியின் பெத்தி-ஆன்ஸ் கிளையில் காசாளர். ஏப்ரலில் தலைமையகத்திலிருந்து கடிதம் வந்தது. நான்கு கவுண்டர்கள் இனி ஒன்றாகும். மற்றவர்கள் மியூச்சுவல் ஃபண்ட் விற்கும் பிரதிநிதியாகத் தேர்வு எழுதி உரிமம் வாங்க வேண்டும். அக்டோபருக்குள் முடியாதவர்கள் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு விலகலாம். பக்கத்துக் கவுண்டர் பொலெத் அந்த வாரமே தொகையை வாங்கிக்கொண்டு மாங்டனில் இருக்கும் மகளிடம் போய்விட்டாள். ஜெர்மேனுக்கு அப்படிப் போக முடியாது. ரேயாலுக்குத் தோள்பட்டை விட்டுப்போய், சிங்கிறால் கூண்டு இழுக்கும் வேலைக்கு யாரும் அவனை முழுப் பருவத்துக்கும் எடுப்பதில்லை. ஆனால் அது மட்டும் காரணம் என்று சொன்னால் பொய். தேர்வு எழுதத் தெரியாது என்று தானே ஒப்புக்கொண்டு போவதற்கு அவளுக்கு மனம் வரவில்லை.

மறுநாள் காலை கிளை மேலாளர் காலின் அவளைத் தன் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டான். முப்பத்துமூன்று வயது. ஹாலிஃபாக்ஸிலிருந்து வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. கெட்டவன் இல்லை. காபி இயந்திரத்தில் அவளுக்கும் சேர்த்து ஒரு கோப்பை எடுத்து வைத்திருந்தான்.

"மனசுல வச்சுக்காதீங்க ஜெர்மேன். எல்லாருக்கும் இது வந்துடாது. உங்க பலமே வேற. நீங்க மனுஷங்களோட நல்லாப் பழகறவங்க."

"இந்த வேலைக்கு அது வேண்டாமா?"

"வேணும்தான். நான் என்ன சொல்றேன்னா, அந்தத் தொகைய இன்னும் நிறுத்தல. நான் பேசிப் பார்க்கறேன்."

"மறுபடி எழுத எத்தன நாள் விடணும்?"

"ரெண்டு வாரம். ஆனா இந்தத் தடவ ஃபீஸ் உங்க கையிலேர்ந்துதான்."

"நான் நாளத்தான் கேட்டேன்" என்றாள் ஜெர்மேன். காபியைத் தொடாமல் எழுந்து வந்தாள். திட்டியிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு உறைத்திருக்காது. அந்தக் கனிவுதான் உறைத்தது.

புத்தகம் எழுநூறு பக்கம். ஆங்கிலத்திலும் இருந்தது, பிரெஞ்சிலும் இருந்தது. பிரெஞ்சு என்றால் மாண்ட்ரியால்காரர்கள் சட்டை இஸ்திரி போட்டு எழுதுகிற பிரெஞ்சு. அவர்கள் இருக்கும் விரிகுடாக் கரையில் யாரும் அப்படிப் பேசி வளரவில்லை. முதல் தடவை அவள் ஆங்கிலப் புத்தகத்தை மனப்பாடம் செய்ய முயன்று தோற்றிருந்தாள். இந்தத் தடவை வேறு மாதிரி செய்தாள். ஒவ்வொரு பத்தியையும் படித்துவிட்டு, அதைத் தங்கள் வீட்டுப் பேச்சில் ரேயாலிடம் சொன்னாள். சிங்கிறால் பருவம் தொடங்க இன்னும் மூன்று மாதம் இருந்தது. அவன் சாப்பாட்டு மேசையின் மறுமுனையில் உட்கார்ந்து கூண்டுகளுக்கு வலை பின்னிக்கொண்டிருப்பான். அவனுக்குப் புரிந்தால் தனக்கும் புரிந்துவிட்டது என்று வைத்துக்கொண்டாள். அவனுக்குச் சுலபமாகப் புரியாது.

"அப்ப இது என்னடி, ஊர்ல ஆயிரம் பேரு காசு போட்டு ஒரு படகு வாங்கற மாதிரியா?"

"ஒரு படகு இல்ல, நூறு படகுல கொஞ்சம் கொஞ்சம் பங்கு. ஒண்ணு முழுகினா மத்தது இருக்கும்."

"ஓட்டறது யாரு?"

"அதுக்குன்னு ஒருத்தர் இருப்பார். டொராண்டோவுல."

"மீனே படலேன்னா அவருக்கு என்ன?"

"அவருக்கு ஒண்ணும் இல்ல. பட்டாலும் படலேன்னாலும் வருஷத்துக்கு நூத்துக்கு ரெண்டு எடுத்துக்குவார்."

ரேயால் ஊசியைக் கீழே வைத்தான். "அந்த வேலைக்கு என்ன பரீட்ச எழுதணும்னு கேட்டுச் சொல்லு."

மூன்றாம் அத்தியாயத்தின் பெயர் 'வாடிக்கையாளரை அறிதல்'. அதை மட்டும் அவள் அவனுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருக்கவில்லை. ஒருவருக்கு எதையும் விற்கும் முன் அவர் யார், பணம் எப்போது வேண்டும், எவ்வளவு இழந்தால் தாங்குவார் என்று கேட்டு, அவர் சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும். அவருக்குப் பொருந்தாததை அவரே கேட்டாலும் சும்மா விற்றுவிடக் கூடாது. இருபத்திரண்டு வருடமாகக் கவுண்டரின் இந்தப் பக்கம் நின்று, யார் சீட்டாட்டத்தில் விடுவார், யார் மருமகனுக்குத் தெரியாமல் எடுத்து வைப்பார், யாருக்கு அசலில் கை வைத்தால் தூக்கம் போகும் என்றெல்லாம் தெரிந்துவைத்திருப்பதற்குப் பாடப்புத்தகத்தில் ஒரு பெயரே இருந்தது அவளுக்கு வியப்பாயிருந்தது. அந்த அத்தியாயத்தை மூன்று முறை படித்தாள். தேவையில்லாமல்தான், பிடித்திருந்ததால் படித்தாள்.

இரண்டாவது முறை எண்பத்தொன்று வந்தது. காலின் அந்த மதிப்பெண் தாளைப் பெரிதாக அச்செடுத்து ஊழியர் அறைச் சுவரில் ஒட்டினான். அவள் மதிய இடைவேளையில் கிழித்துக் குப்பையில் போட்டாள்.

உரிமம் வந்ததும் தொண்ணூறு நாள் பயிற்சி. செவ்வாய்க்கிழமைகளில் காலின் வாடிக்கையாளராக நடிப்பான். அவள் விற்க வேண்டும். கையில் ஒரு அட்டை. அதன் இடப்பக்கம் வாடிக்கையாளர் சொல்லக்கூடியது, வலப்பக்கம் அதற்கு அவள் சொல்ல வேண்டியது. 'யோசித்துச் சொல்கிறேன்' என்றால், 'எதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்று சொல்லுங்கள், சேர்ந்தே யோசிப்போம்' என்று சொல்ல வேண்டும். 'மனைவியைக் கேட்க வேண்டும்' என்றால், 'இப்போதே போன் போட்டுக் கேட்டுவிடலாமே' என்று சொல்ல வேண்டும்.

"எனக்கு வேண்டாங்க" என்றான் காலின், வாடிக்கையாளராக.

"சரிங்க, போய்ட்டு வாங்க" என்றாள் ஜெர்மேன்.

காலின் சிரித்துவிட்டான். பிறகு முகத்தைச் சரிப்படுத்திக்கொண்டு, "வேண்டாம்னா வேண்டாம்னு அர்த்தம் இல்ல ஜெர்மேன். இன்னும் புரியலன்னு அர்த்தம்" என்றான்.

"எனக்கு ஒரு பொண்ணு இருந்தா, வேண்டாம்ங்கறதுக்கு இந்த அர்த்தம் சொல்றவங்க பக்கத்துல விட மாட்டேன்" என்றாள் அவள். அவன் காது சிவந்தது. பயிற்சி அன்று அதோடு முடிந்தது.

ஆனால் விற்பது அவளுக்குப் பிடிக்கவில்லை என்று சொல்ல முடியாது. முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கும் மிரெய் வந்தபோது, முப்பது வருடத்துக்கு மாதம் நூறு டாலர் போட்டால் என்ன ஆகும், நடுவில் விழுந்தால் ஏன் பயப்பட வேண்டாம், கட்டணம் எவ்வளவு பிடிப்பார்கள் என்று ஒன்றுவிடாமல் தாளில் கோடு போட்டுச் சொன்னாள். இருபத்தாறு வயதுப் பெண். வீட்டில் இதையெல்லாம் சொல்ல ஆள் இல்லை. மிரெய் கையெழுத்துப் போட்டுவிட்டு, "இத எனக்கு ஏன் பள்ளிக்கூடத்துல யாரும் சொல்லல அக்கா?" என்று கேட்டாள். அன்று வீட்டுக்குப் போகும் வழியில் ஜெர்மேன் காரில் தனியாகப் பாடிக்கொண்டு போனாள்.

நவம்பர் இரண்டாம் வாரம் எல்ஃபேஜ் வந்தார். அறுபத்தொன்பது வயது. ஐம்பது வருடம் சிங்கிறால் பிடித்தவர். செப்டம்பரில் படகையும் மீன்பிடி உரிமத்தையும் சேர்த்து விற்றிருந்தார். அந்தக் கரையில் ஒரு உரிமம் என்ன விலைக்குப் போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். காலினுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அவர் வருவதாகச் சொன்ன நாளிலிருந்து அவன் இரண்டு முறை மண்டல அலுவலகத்தோடு பேசியிருந்தான். அந்தக் காலாண்டில் கிளை விற்க வேண்டியதில் பாதியைத்தான் தொட்டிருந்தது. பயிற்சியாளர் என்ற முறையில் ஜெர்மேன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டான்.

எல்ஃபேஜ் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டார். அந்த ஊரில் யாரையும் அப்பன் பெயரோடு சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள்.

"ஃபிதேல் மகளே, நீ இந்தப் பக்கம் வந்துட்டேன்னு சொன்னாங்க. நல்லது. கேளு, என்ன கேக்கணுமோ."

காலினுக்கு ஊர்ப் பிரெஞ்சு ஒரு சொல்லும் வராது. அவள் திரையில் இருந்த ஆங்கிலக் கேள்வியைப் படித்து, ஊர்ப் பேச்சில் கேட்டு, பதிலைத் தட்டச்சு செய்தாள். பணம் எப்போது வேண்டும்? மகள் நிலத்தில் மாடி இல்லாத வீடு ஒன்று கட்டப்போகிறார். மனைவி லெயோனிக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டது. ஒரு வருடமாகக் கீழே சமையலறைப் பக்கத்தில் கட்டில் போட்டுப் படுக்கிறாள். கட்டுகிறவனுக்குக் கை நிறைய வேலை, இரண்டு வருடம் கழித்துத்தான் வருவான். ஆக, இரண்டு வருடம்.

"ஒரே வருஷத்துல உங்க பணம் அஞ்சுல ஒரு பங்கு கொறஞ்சு போச்சுன்னு வைங்க. என்ன செய்வீங்க?"

"உன்னத் தேடி வருவேன்."

"அது இதுல இல்ல மாமா. எல்லாத்தையும் எடுத்துருவேன், கொஞ்சம் எடுப்பேன், காத்திருப்பேன், இன்னும் போடுவேன். இந்த நாலுதான்."

"அப்ப அஞ்சாவதா எழுதிக்க. பக்கத்துல இருக்கற இந்தப் பையனையும் தேடி வருவேன்."

காலின் புன்னகையோடு அவளைப் பார்த்தான். "என்ன சொல்றார்?"

"பயப்படறேங்கறார்" என்றாள் ஜெர்மேன். இடர்: குறைவு என்று குறித்தாள்.

லெயோனி வெளியே வண்டியில் உட்கார்ந்திருந்தாள். வங்கியின் மூன்று படிகளை ஏற அன்று முடியவில்லை. அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருகிறேன் என்று எல்ஃபேஜ் எழுந்து போனார். கதவு சாத்தியதும் காலின் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். இரண்டு வருடம் என்ற இடத்தில் பத்து வருடத்துக்கு மேல் என்று மாற்றினான். குறைவு என்ற இடத்தில் நடுத்தரம். அச்சு இயந்திரம் தாளை இழுக்கத் தொடங்கியது.

"அவர் ரெண்டு வருஷம்னார்" என்றாள் ஜெர்மேன்.

"வீடு கட்டறேன்னு சொல்றவங்க எல்லாரும் கட்டறதில்ல. திடமான மனுஷன், இன்னும் இருபது வருஷம் இருப்பார். வெறும் டெபாசிட்ல கெடந்தா அவருக்குத்தான் நஷ்டம். வளர்ச்சி ஃபண்ட்ல போட்டா எங்கயோ போயிடும். இப்படிப் போட்டாத்தான் கம்ப்யூட்டர் அந்த ஃபண்ட ஏத்துக்குது."

"ஏத்துக்கக் கூடாதுன்னுதான் அது ஏத்துக்க மாட்டேங்குது."

காலின் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். அவன் களைத்திருந்தது அவளுக்குத் தெரிந்தது. அவனுக்கும் மேலே யாரோ காலையில் போன் போட்டுக் கேட்கிறார்கள். "ஜெர்மேன், நீங்க இன்னும் பயிற்சியிலதான் இருக்கீங்க. தொண்ணூறு நாள் முடிஞ்சுதுன்னு நான் கையெழுத்துப் போடணும். இத ஒரு பெரிய விஷயமா ஆக்காதீங்க."

தாளின் அடியில் 'பிரதிநிதி: ஜெர்மேன் தூசே' என்று அச்சாகியிருந்தது. அவள் பெயர் அச்சில் வருவது அதிகம் இல்லை. திருச்சபைச் செய்திமடலில் ஒருமுறை, அப்பா இறந்தபோது இரங்கல் குறிப்பில் ஒருமுறை. இந்த வேலைக்கு வந்த பிறகு இந்தப் படிவங்களில். அவள் அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தபோது எல்ஃபேஜ் திரும்பி வந்து உட்கார்ந்தார். காலின் பேனாவின் மூடியைக் கழற்றி அவர் பக்கம் நீட்டினான்.

"கையெழுத்துக்கு முன்ன நான் படிச்சுக் காட்டறேன் மாமா. அது விதி" என்றாள் ஜெர்மேன். பிறகு ஊர்ப் பேச்சில், வரி வரியாகப் படித்தாள். பெயர். வயது. விலாசம். "பணம் எப்ப வேணும்: பத்து வருஷத்துக்கு அப்புறம்."

எல்ஃபேஜின் கை பாதியில் நின்றது. "அதுவரைக்கும் லெயோனி சமையக்கட்டுப் பக்கமே படுத்துக் கெடக்கணுமா?"

"நான் அப்படி எழுதல. தாள் அப்படிச் சொல்லுது. இன்னும் இருக்கு. நஷ்டத்தத் தாங்கற சக்தி: நடுத்தரம்."

"நஷ்டம் வந்தா உன்னத் தேடி வருவேன்னுதான சொன்னேன்?"

"ஆமா. அப்படித்தான் சொன்னீங்க."

அவர் பேனாவை மேசைமேல் மெதுவாக வைத்தார். காலினைப் பார்த்து, ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாகத் தேடிச் சொன்னார். "தம்பி, நான் ஐம்பது வருஷம் கடலுக்குப் போனவன். பயம் எவ்வளவுன்னு எனக்கு அளக்கத் தெரியும். நீ எனக்காக அளக்க வேண்டாம்."

பணம் இரண்டு வருட டெபாசிட்டில் போனது. வட்டி கொஞ்சம்தான். கிளையின் விற்பனைக் கணக்கில் அது ஒரு பைசாவும் ஏறாது. எல்ஃபேஜ் போன பிறகு காலின் கண்ணாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். மதியத்துக்கு மேல் பயிற்சி அறிக்கையைக் கொண்டுவந்து வைத்தான். கற்றுக்கொள்ளும் மனப்பான்மை: குறைவு. குழுவோடு ஒத்துழைப்பு: குறைவு. பயிற்சி நிறைவு: தள்ளிவைக்கப்படுகிறது. படித்துவிட்டதாக அவள் கையெழுத்துப் போட வேண்டும்.

ஜெர்மேன் கையெழுத்துப் போட்டாள். அதற்குக் கீழே, இடம் போதாமல் ஓரத்தில் வளைத்து எழுதினாள்: 'படித்தேன். உடன்படவில்லை. படிவத்தில் நான் முதலில் எழுதிய பதில்களைக் கணினியில் பார்க்கவும்.' தேதியும் நேரமும் போட்டாள். பயிற்சிக் கையேட்டின் கடைசிப் பக்கத்தில், விதிமீறல் எதையாவது கண்டால் கூப்பிடவும் என்று ஹாலிஃபாக்ஸ் கண்காணிப்புத் துறையின் எண் இருந்தது. அந்தப் பக்கத்தை யாரும் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை, ஓரங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. அவள் தன் காரில் உட்கார்ந்து கூப்பிட்டாள். பெயரைச் சொல்ல விருப்பமில்லையென்றால் சொல்ல வேண்டாம் என்றது மறுமுனைக் குரல்.

"ஜெர்மேன் தூசே" என்றாள். எழுத்து எழுத்தாகவும் சொன்னாள்.

வீட்டில் ரேயாலிடம் நடந்ததைச் சொன்னாள். முள்ளங்கியும் உருளையும் போட்ட சூப் ஆறிக்கொண்டிருந்தது.

"வேலை போச்சுன்னா?"

"போகக் கூடாது. அதுக்குத்தான் கூப்பிட்டேன்."

"பேசாம இருந்திருந்தாத்தான் போகாது."

"எழுநூறு பக்கம் உனக்கு வாசிச்சுக் காட்டினேன் ரேயால். ரெண்டு தடவ எழுதினேன். அது நான் படிச்சு வாங்கின வேல. அத அவன் சொல்ற மாதிரி செய்யறதுக்குன்னா, எழுநூறு பக்கம் எதுக்கு? ஒரு அட்ட போதுமே."

அவன் கரண்டியை எடுத்தான். "என் தோள் கொஞ்சம் தேவலாம்" என்றான். பொய் என்று இருவருக்கும் தெரியும். அவள் ரொட்டியைக் கிழித்து அவன் தட்டில் வைத்தாள்.

மறு வாரம் காலின் அவளை மேசையிலிருந்து எடுத்து வாசலில் நிறுத்தினான். விசாரணை முடியும்வரை அவள் விற்கக் கூடாது. வருகிறவர்களைப் பணம் எடுக்கும் இயந்திரத்தண்டை கூட்டிப்போய், அட்டையை எப்படிச் செருகுவது என்று காட்ட வேண்டும். உட்கார நாற்காலி இல்லை. காற்று ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் உள்ளே வந்தது. முதல் நாள் அவளுக்கு அவமானத்தில் கழுத்து வலித்தது. இரண்டாம் நாள் கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி போட்டுக்கொண்டு வந்தாள். மூன்றாம் நாள், பத்து வருடமாக இயந்திரத்தைப் பழகியவர்களே அதை எப்படிப் பயன்படுத்துவது என்று கேட்கிற சாக்கில் அவளிடம் வரத் தொடங்கினார்கள். நின்றபடியே, தாழ்ந்த குரலில், சட்டைப் பையிலிருந்து மடித்த தாள்களை எடுத்தார்கள். இது என்ன சொல்லுது, ஃபிதேல் மகளே? இது எதுக்குப் பிடிச்சிருக்காங்க? அவள் எதையும் விற்கவில்லை. படித்துக் காட்டினாள், அவ்வளவுதான். கண்ணாடி அறையில் இரண்டு நாற்காலிகள் காலியாகவே இருந்தன.

வெள்ளிக்கிழமை லெயோனி வந்தாள். எல்ஃபேஜின் தோளைப் பிடித்து மூன்று படிகளையும் ஏறி, மூச்சு வாங்க ஒரு நிமிடம் நின்றாள். கூடவே அவள் அக்கா ஓஸீத், கைத்தடி இல்லாமல், உதட்டில் சிவப்புச் சாயத்தோடு. கைப்பையிலிருந்து ஓஸீத் எடுத்த தாள் போன வருடத்தது. அதே படிவம். அடியில் காலினின் கையெழுத்து.

"என் தங்கச்சி புருஷன் ஏதோ சொன்னான். எனக்கும் படி" என்றாள் ஓஸீத்.

ஜெர்மேன் இயந்திரத்தின் வெளிச்சத்தில் தாளைப் பிடித்தாள். இடர்: நடுத்தரம் முதல் அதிகம். பணம் எப்போது வேண்டும்: பத்து வருடத்துக்கு மேல். ஊர்ப் பேச்சில் அதைச் சொன்னபோது அவள் குரல் இறங்கிவிட்டது.

ஓஸீத் சிரித்தாள். "எனக்கு எண்பத்து மூணு ஆகுதுன்னு அந்தப் பையனுக்கு யாரும் சொல்லலையா?" பிறகு சிரிப்பு நின்றது. "இப்ப அது எவ்வளவு இருக்கு?" என்று கேட்டாள்.

அப்போதுதான் காலின் அறையிலிருந்து வெளியே வந்தான். முகம் வெளுத்திருந்தது. "ஜெர்மேன், உங்களுக்குப் போன். ஹாலிஃபாக்ஸ். கண்காணிப்புத் துறை."

"இருக்கச் சொல்லுங்க."

"ஜெர்மேன், அவங்க லைன்ல இருக்காங்க."

"இவங்க நின்னுகிட்டிருக்காங்க காலின். ஒரு நாற்காலி கொண்டாங்க" என்றாள்.

அவன் ஒரு கணம் தயங்கினான். பிறகு கண்ணாடி அறைக்குள் போய், வாடிக்கையாளர் நாற்காலி ஒன்றைத் தூக்கி வந்து ஓஸீத்துக்குப் பின்னால் வைத்தான். ஜெர்மேன் தாளை இரண்டாம் பக்கம் திருப்பி, விரலை முதல் வரியில் வைத்தாள். திறந்து கிடந்த கதவின் உள்ளே, காலினின் மேசைமேல், போனின் சின்னச் சிவப்பு விளக்கு அணைந்து அணைந்து எரிந்துகொண்டிருந்தது.